பிளஸ் டூ முடிச்சாச்சு, அடுத்து என்ன? அம்மா அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு வழிகாட்டி

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே வீட்டில் போன் அடிக்கத் தொடங்கிவிடும். பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் நம் நம்பர் எங்கிருந்து கிடைத்தது என்றே தெரியாத கல்லூரி ஆட்கள். "சார், உங்க பொண்ணுக்கு எங்க காலேஜ்ல சீட் ரெடியா இருக்கு, நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டிட்டா ஃபீஸ்ல தள்ளுபடி" என்பார்கள். எட்டாவதோ பத்தாவதோ படித்துவிட்டு வேலைக்குப் போன ஓர் அப்பா அந்த நேரத்தில் எதை நம்புவார், எதைத் தள்ளுவார்? பக்கத்து வீட்டுப் பையன் எங்கே சேர்ந்தானோ அங்கேயே சேர்த்துவிடுவார். அல்லது முதலில் போன் செய்தவரிடம் பணத்தைக் கட்டிவிடுவார்.

அந்த வீட்டில் கொஞ்சம் படித்திருக்கிற இன்னொருவருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அந்த மாணவியாகவே இருக்கலாம், அண்ணனாகவோ சித்தியாகவோ டியூஷன் எடுக்கும் அக்காவாகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம். தமிழ்நாட்டில் ஸ்டேட் போர்டில் படித்த பிள்ளைகளின் பெற்றோரைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். கோர்ஸ் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால் அவர்களுக்கு எதுவும் நிற்காது. எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம், படிப்பு முடியும்வரை மொத்தம் எவ்வளவு பணம், அதை முடித்தபின் எங்கெல்லாம் போகலாம் என்பது புரிந்துவிட்டால், வாழ்நாள் முழுக்கக் குடும்பக் கணக்கைச் சமாளித்தவர்களுக்கு முடிவெடுக்கத் தெரியும்.

எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது

ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். பரீட்சை முடிந்து ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். மார்க் தெரியாத அந்த நாட்களில்தான் வீட்டில் நிதானமாகப் பேச முடியும், ரிசல்ட் வந்துவிட்டால் ஒன்று கொண்டாட்டம், இல்லையென்றால் சண்டை. பணம் புரட்டப்போவது யார் என்று பாருங்கள். பல வீடுகளில் அப்பா தலையாட்டுவார், மகளிர் குழுவில் லோன் எடுத்து ஃபீஸ் கட்டுவது அம்மாவாக இருக்கும். தாய்மாமன் சொன்னால்தான் நடக்கும் என்ற வீடு என்றால் மாமாவையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள், அவரை விட்டுவிட்டுப் பேசினால் கடைசி நாளில் ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போய்விடுவார்.

முதலில் நீங்கள் பேச வேண்டாம், கேளுங்கள். வருஷத்துக்குக் கடன் இல்லாமல் எவ்வளவு கட்ட முடியும்? ஹாஸ்டலில் விட மனசு வருமா, தினமும் போய்வரும் தூரம்தான் சரியா? எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். "படிச்சிட்டு வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கான் பாரு, அவன் மாதிரி ஆயிடக்கூடாது" என்பார்கள் சிலர். "பொண்ணு தனியா பஸ்ல இருட்டுன பிறகு வரணுமா" என்பார்கள் சிலர். பயத்தை அப்படியே விட்டுவிட்டு நீங்கள் டேட்டா சயின்ஸ் பற்றிப் பேசினால் காதில் ஏறாது.

பிளஸ் ஒன்னில் எடுத்த குரூப்பிலிருந்து தொடங்குங்கள்

பல பெற்றோருக்கு, பிள்ளை எடுத்த குரூப் ஏற்கெனவே சில கதவுகளை மூடிவிட்டது என்பது தெரியாது. காமர்ஸ் படித்த பெண்ணிடம் ஏன் நர்சிங் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டுங்கள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே திறந்திருக்கிறது. கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் என்றால் இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், அறிவியல் பட்டங்கள் உண்டு, மருத்துவம் சார்ந்தவை பெரும்பாலும் இல்லை. தாவரவியல், விலங்கியல் எடுத்த பிள்ளைக்கு மருத்துவம், நர்சிங், பார்மசி, கால்நடை மருத்துவம், வேளாண்மை எல்லாம் உண்டு, இன்ஜினியரிங் கடினம். காமர்ஸ் என்றால் பி.காம்., பி.பி.ஏ., பொருளாதாரம், சட்டம், சி.ஏ. என்று ஒரு பெரிய வரிசையே இருக்கிறது. சட்டம், ஹோட்டல் மேனேஜ்மென்ட், டிசைன் போன்றவற்றுக்கு எந்த குரூப்பும் தடை இல்லை.

ஒரு படிப்பைச் சொல்லும்போது அதன் முழுப்பெயரை விளக்குவதைவிட அதைப் படித்தவர் காலையில் போய் என்ன வேலை செய்வார் என்று சொல்லுங்கள். "நம்ம தாலுகா ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கிறாரே, அவர் படிச்சது பார்மசி." "ஜி.எஸ்.டி. கணக்கு போட அப்பா போவாரே ஆடிட்டர் ஆபீஸ், அங்க உட்கார்ந்திருக்கிற பொண்ணு சி.ஏ. படிச்சுக்கிட்டே வேலை பார்க்குது." இப்படிச் சொன்னால் உடனே மனதில் ஒரு முகம் வந்துவிடும்.

இன்ஜினியரிங்: கவுன்சிலிங் என்ற வாசல்

இங்கேதான் அதிகப் பணமும் அதிக ஏமாற்றமும். அதனால் மெதுவாக விளக்குங்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு மாநில அளவில் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கை வைத்தே ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் நடக்கிறது, அதைத்தான் டி.என்.இ.ஏ. என்கிறார்கள். கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும்: கணிதம் அப்படியே 100, இயற்பியல் பாதியாகி 50, வேதியியல் பாதியாகி 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 எடுத்த பிள்ளைக்கு 92, 42, 39 சேர்த்து 173. இந்தக் கணக்கை அப்பா கையாலேயே போடவையுங்கள். மொத்த மார்க் 600-க்கு எவ்வளவு என்பது இன்ஜினியரிங்கில் பார்க்கப்படுவதில்லை என்பதும், தமிழில் 98 வாங்கியது இங்கே உதவாது என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

அப்புறம் இட ஒதுக்கீடு. மொத்த இடங்களில் 69 சதவீதம் இட ஒதுக்கீட்டில் போகிறது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி, அதில் எந்த சாதிப் பிள்ளையும் மார்க் இருந்தால் போகலாம். இதைத் தவிர 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் தனி உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்ளும் என்று 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். இது தெரியாமல் அரசுப் பள்ளிப் பிள்ளையை மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்க்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்க 500 ரூபாய், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. எல்லாம் ஆன்லைன்தான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் மாவட்டந்தோறும் உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே போய்ச் செய்யலாம். ரேங்க் வந்ததும் கல்லூரியும் பிரிவும் சேர்த்து விருப்பப் பட்டியல் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், வரம்பு இல்லை. பல குடும்பங்கள் ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்திவிட்டு, எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகின்றன. உண்மையிலேயே எது அதிகம் பிடிக்கிறதோ அது மேலே, அப்புறம் அதற்கடுத்தது என்று நீளமாகப் போடுங்கள். முந்தைய வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தச் சமூகத்துக்கு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்ற விவரம் பார்க்கக் கிடைக்கும். பெற்றோரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைப் பாருங்கள், விளம்பரப் பலகையில் பெரிதாகத் தெரியும் கல்லூரிக்கும் பிள்ளைகள் முதலில் எடுக்கும் கல்லூரிக்கும் எவ்வளவு தூரம் என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் ஏற்றுக்கொண்டு சேர்கிறேன், ஏற்றுக்கொள்கிறேன் ஆனால் மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள், இது வேண்டாம் அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்று சில தேர்வுகள் வரும். குறித்த நேரத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் இடம் கைநழுவிவிடும். அந்த இரண்டு மூன்று நாட்களில் திருவிழா, கல்யாணம் என்று வெளியூர் போகாதீர்கள். பாஸ்வேர்டை பிரவுசிங் சென்டர்காரரிடமோ, "ஃப்ரீயா கவுன்சிலிங் பண்ணித் தர்றோம்" என்று வரும் ஏஜென்ட்டிடமோ கொடுக்கவே கூடாது. அவருக்குக் கமிஷன் தரும் கல்லூரி உங்கள் பட்டியலின் மேலே ஏறிவிடும்.

மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் என்ன என்றும் சொல்லிவிடுங்கள். கவுன்சிலிங் இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடம்: அதே கல்லூரி, அதே வகுப்பு, கட்டணம் அதிகம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் நன்கொடை வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் 1992-லிருந்தே இருக்கிறது, ரசீது இல்லாமல் கேட்கும் எந்தத் தொகையும் அந்த ரகம்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனிக் கதை: அவை டி.என்.இ.ஏ.வுக்குள் வராது, சேர்க்கையும் கட்டணமும் அவர்களுடையது. சில நல்லவை, ஆனால் "யுனிவர்சிட்டி" என்ற பெயர் இருப்பதாலேயே அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியைவிட உசத்தி என்று பெற்றோர் நினைப்பது தவறு. என்னைக் கேட்டால், நடுத்தரத் தனியார் கல்லூரியில் பெயருக்காக ஒரு கம்ப்யூட்டர் பிரிவை மேனேஜ்மென்ட் கோட்டாவில் கடன் வாங்கிப் படிப்பதைவிட, அரசுப் பொறியியல் கல்லூரியில் கவுன்சிலிங்கில் கிடைக்கும் சிவிலோ மெக்கானிக்கலோ மேல்.

கலை அறிவியல் கல்லூரியைக் கீழே வைக்காதீர்கள்

"ஆர்ட்ஸ் காலேஜா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லுங்கள். நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி.ராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். அது இன்றும் அரசுக் கல்லூரி, மெரினா எதிரில் நிற்கிறது, உங்கள் பிள்ளையும் அங்கே விண்ணப்பிக்கலாம். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆன்லைன் விண்ணப்பம், அதன் பெயர் டி.என்.கசா. மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் எடுக்க அந்தந்த மொழியின் மதிப்பெண். கட்டணம் மிகக் குறைவு. ஒரு செமஸ்டருக்குத் தனியார் கல்லூரிப் பஸ்ஸுக்குக் கட்டும் பணத்தில் இங்கே வருஷத்தையே ஓட்டிவிடலாம்.

அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். ஒரே வளாகத்தில், ஒரே பி.காம்., இரண்டு விதமாக நடக்கும். ஒன்று அரசு உதவிபெறும் பிரிவு, அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், குறைந்த கட்டணம். இன்னொன்று சுயநிதிப் பிரிவு, பெரும்பாலும் மதிய ஷிஃப்ட், கட்டணம் பல மடங்கு. விண்ணப்பத்தில் எதை டிக் செய்கிறோம் என்று பார்க்காமல் போட்டுவிட்டு, "அந்தக் காலேஜ்ல ஃபீஸ் ரொம்ப ஜாஸ்தி" என்று திரும்பி வருபவர்கள் நிறைய. எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா என்ற கேள்வியை அம்மாவுக்கு மனப்பாடம் செய்யவையுங்கள், கல்லூரி கவுன்ட்டரில் அவரே கேட்கட்டும்.

பட்டம் முடித்தபின் என்ன என்ற கவலைக்கும் பதில் வைத்திருங்கள். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் மூன்று வருஷ எல்.எல்.பி. போகலாம், பள்ளிப் பாடம் சார்ந்த பட்டம் என்றால் பி.எட். போகலாம், எம்.பி.ஏ.வுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு எழுதலாம், மாநில அரசு வேலைக்கான குரூப் 1, குரூப் 2 தேர்வுகள், ஐ.ஏ.எஸ். தேர்வு எல்லாவற்றுக்கும் பட்டம்தான் தகுதி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும், 18 வயது ஆனதும் படிக்கும்போதே எழுதலாம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010-ம் ஆண்டுச் சட்டத்தால் உண்டு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டோமே என்று கூனிக்குறுகும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பட்டத்தையும் தமிழ்வழியிலேயே படிப்பதா என்று அப்போது யோசித்துத் தேர்ந்தெடுக்க முடியும்.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு சி.ஏ. பற்றி. பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன், அப்புறம் இன்டர், நடுவில் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் பயிற்சி, அதற்கு உதவித்தொகை உண்டு, கடைசியில் ஃபைனல். கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. ஆனால் முதல் தடவையில் தேறாதவர்கள் நிறைய, அதனால் கூடவே ஒரு பி.காம். வைத்துக்கொள்வது நல்லது. ஃபெயில் ஆனால் வீட்டில் யாரும் குத்திக்காட்டக்கூடாது என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

மருத்துவமும் அதைச் சுற்றியுள்ளவையும்

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாவற்றுக்கும் நீட் வேண்டும். நீட் 720-க்கு, அதில் பாஸ் ஆவது வேறு, அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு. "குவாலிஃபை ஆயிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அப்புறம் தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டு வீட்டை விற்கலாமா என்று உட்கார்ந்திருக்கும் நிலைமை வரக்கூடாது. அரசு இடத்துக்குத் தேவையான மார்க் போன வருஷம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஒரு வருஷம் ரிப்பீட் செய்வதா என்ற கேள்வி வந்தால், பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அப்பாவுக்காக "சரி" சொல்லும் பிள்ளை, கோச்சிங் சென்டர் அறையில் அந்த ஒரு வருஷம் படும் பாடு சாதாரணமானது இல்லை.

நர்சிங், பார்மசி போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு கவுன்சிலிங் நடத்துகிறது. கால்நடை மருத்துவம் ஐந்தரை வருஷம், மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான், கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். வேளாண்மைக்கு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், மீன்வளத்துக்கு நாகப்பட்டினம். இவற்றின் கடைசித் தேதிகள் வேறு, டி.என்.இ.ஏ.வில் போட்டால் எல்லாவற்றுக்கும் போட்டது போல் ஆகாது.

இந்த இடத்தில் பெற்றோரை ஒன்றிலிருந்து காப்பாற்றியே ஆக வேண்டும். கடைத்தெரு மாடியில் போர்டு மாட்டி, ஒரு வருஷத்தில் நர்ஸ் ஆகலாம் என்று சேர்க்கிறார்கள். அந்தச் சான்றிதழை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது, பதிவு இல்லாமல் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பி.எஸ்சி. நர்சிங் என்றால் நான்கு வருஷம், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். பார்மசிக்கு பார்மசி கவுன்சில், சட்டத்துக்கு பார் கவுன்சில், பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நாலு பேரிடம் விசாரிப்பது போலத்தான் இதுவும் என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் புரியும். அங்கே மூன்றாம் வருஷம் படிக்கும் பிள்ளையைத் தேடிப்பிடித்துக் கேட்டால் விளம்பரத்தில் இல்லாதது எல்லாம் வெளியே வரும்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., இன்னும் சில

பாலிடெக்னிக் பத்தாவது முடித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். பிளஸ் டூவில் கணிதம், அறிவியல் அல்லது தொழிற்பிரிவு படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம், இரண்டே வருஷத்தில் டிப்ளமோ. அதன்பின் பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாக நுழைய காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தும் தனிக் கவுன்சிலிங் இருக்கிறது. கை வேலையில் கெட்டி, தியரியில் சுமார் என்ற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாதை எனக்குத் தெரிந்து இல்லை. அரசு ஐ.டி.ஐ.களில் 71-ஐ டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து புது இயந்திரங்களோடு தரம் உயர்த்தியிருக்கிறார்கள். பழைய லேத் பட்டறை நினைவோடு இருக்கும் அப்பாவை ஒருமுறை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும், வேறு பட்டம் படித்துக்கொண்டே படிக்கலாம், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வரையத் தெரிந்த பிள்ளைக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள், மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி. கப்பல் படிப்பு என்றால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு, கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி இல்லாத நிறுவனத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடுவது உண்டு, அதற்காகவும்தான் ஏப்ரலில் உட்காரச் சொன்னேன். பிளஸ் டூ தொடங்கும்போதே பார்த்துவைத்தால் இன்னும் நல்லது.

பணம்: முழுக் கணக்கையும் ஒரே தாளில்

முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவதுதான் பெற்றோர் சிக்கிக்கொள்ளும் இடம். கல்விக் கட்டணம், பஸ் அல்லது ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், பிளேஸ்மென்ட் பயிற்சி என்ற பெயரில் ஒன்று, லேப்டாப், எல்லாவற்றையும் எழுதி எத்தனை வருஷப் படிப்போ அத்தனையால் பெருக்குங்கள். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவுதான் மூன்றாம் வருஷத்திலும் நிற்கும்.

அந்த எண்ணிலிருந்து கழிக்க வேண்டியவையும் இருக்கின்றன. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், கவுன்சிலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை. அக்கா ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பிக்குக் கிடைக்காது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்தில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024-ல். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் பின்னர் சேர்த்தார்கள். இந்த ஆண்டு விதி எப்படி என்று சேர்ந்த கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

கடன் என்றால் வட்டிக்காரரிடம் போவதற்கு முன் வங்கி. கல்விக் கடனில் 4 லட்சம் வரை அடமானமோ வெளியாள் ஜாமீனோ கேட்கமாட்டார்கள், பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் அதுவரையிலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 7 வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 8,300 ரூபாய். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை வாங்கும் முதல் சம்பளத்தில் இது போனால் மீதி என்ன என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

தூரம்தான் இங்கே பெரிய தடை. "பக்கத்துல எது இருக்கோ அது போதும்" என்ற முடிவோடு நல்ல மார்க் எடுத்த பெண் பிடிக்காத படிப்பில் சேர்ந்துவிடுகிறாள். வாதம் செய்து ஜெயிக்க முயலாதீர்கள், அம்மாவை அந்த ஹாஸ்டலுக்கு அழைத்துப்போங்கள். வார்டனைப் பார்க்கட்டும், சாப்பாட்டைப் பார்க்கட்டும், பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று நடந்து பார்க்கட்டும். நம் ஊர்ப் பெண் ஒருத்தி அங்கே படிக்கிறாள் என்றால் அவள் அம்மாவோடு பேசவையுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதிகளில் தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம், பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. கல்யாணப் பேச்சு வந்தாலும் தயங்காமல் கேளுங்கள், எத்தனை வயதுவரை படிக்கவிடுவீர்கள் என்று. அந்தப் பதிலை வைத்து மூன்று வருஷப் படிப்பா, ஐந்து வருஷமா என்று யோசிக்கலாம், அந்தப் பதிலையே மாற்றவும் பேசலாம்.

சான்றிதழ்களும் கடைசி நாள் நெருக்கடியும்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர்ந்து வரும். மே, ஜூனில் எல்லோரும் ஒரே சமயத்தில் போவார்கள், அதனால் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும், பழையதை நீட்டாதீர்கள். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்தால் ஜூலையில் அலைய வேண்டாம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும், பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போக வேண்டி வரும்.

சேரும் அன்று அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், சரிபார்க்கக் கொடுக்கலாம், ஆனால் அதைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. வேறு இடம் கிடைத்து விலகினால் எவ்வளவு பணம் எந்தத் தேதிவரை திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் விதி உண்டு. எல்லாச் சான்றிதழிலும் ஐந்தாறு நகல் எடுத்து, அசலை ஸ்கேன் செய்து வைத்துவிட்டுப் போங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

ஒரு பாடத்தில் ஃபெயில் என்று வந்தால்

அந்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும், முடிந்தால் ரிசல்ட் அன்றே. பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு, துணைத் தேர்வு ஓரிரு மாதத்திலேயே வந்துவிடும், வருஷம் போகாது என்று முதலில் சொல்லுங்கள். துணைத் தேர்வில் தேறியவர்களுக்காகவே டி.என்.இ.ஏ.வில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது, அரசுக் கலைக் கல்லூரிகளிலும் மீதமிருக்கும் காலி இடங்களுக்குச் சேர்க்கை உண்டு, பாலிடெக்னிக்கும் இருக்கிறது. மார்க் குறைவு என்று தோன்றினால் விடைத்தாள் நகல் கேட்டுப் பார்த்துவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போடலாம். அன்றிரவு பிள்ளையைத் தனியாக விடக்கூடாது, பேச முடியாத நிலை என்றால் 104-க்கு போன் செய்யுங்கள், மாணவர்களோடு பேச ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பெற்றோரும் பேசலாம். துணைத் தேர்வு விண்ணப்பத்துக்குச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள், படித்த பள்ளியிலேயே போடலாம், மறுநாள் காலையில் பிள்ளையோடு நீங்களும் தலைமையாசிரியரைப் பார்த்து கடைசித் தேதியைக் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.